விடுதலை வாங்கித் தந்த நூல்

புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனாலும் அங்கேயும் பாட்டிமார்கள் பிறக்கப்போகும் பேரனுக்கு உல்லன் நூலில் குட்டிக் குல்லாவும் காலுறையும் பின்னியிருக்கிறார்கள். டி.வி. பெட்டி மேல் விரிக்க குரோஷா ஊசியில் ஒரு விரிப்பு! கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துல ஒரு கை வேலை" என்பார்கள்.

சும்மாவா? இதே மாதிரி ஒரு கை வேலை, ஒரு காலத்தில் அடிமைப் பெண்களை விலை கொடுத்து மீட்டிருக்கிறது! நடந்த இடம் புதுக்கோட்டை அல்ல. இன்னும் தெற்கே, நாகர்கோவில்.

1819-ம் வருஷக் கடைசி. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்கிற பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அடிமை முறை சட்டப்படியே நடந்துகொண்டிருந்த காலம். நிலத்தைப் போலவே ஆளையும் விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம்!

பெண் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு விடுதிப் பள்ளி. படிக்க வந்ததோ ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள். சில சிறுமிகள் அடிமைக் குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள். சோறு போட வேண்டும், துணி தர வேண்டும், பாடம் சொல்லித்தர வேண்டும். காசு?

1821-ல் மார்த்தா கையிலெடுத்தது லேஸ். இது குரோஷா ஊசி வேலை இல்லை. ஒரு கெட்டியான தலையணை. அதன்மேல் டிசைன் வரைந்த தாள். கோடு போகிற வழியெல்லாம் குண்டூசி. மெல்லிய நூல் சுற்றிய மரக்குச்சிகள் டஜன் கணக்கில் தொங்கும். இடது, வலது, ஒரு முறுக்கு... ஊசிகளைச் சுற்றிச் சுற்றி நூலைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் போட, விரல் அகலத்துக்கு ஒரு பூ வேலைப்பாடு பிறக்கும். இங்கிலாந்தில் ஹானிடன் என்கிற ஊர் இதற்குப் பெயர்போனது. 1809-ல் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி நெய்ய மெஷின் கண்டுபிடிக்க, அங்கே கையால் பின்னியவர்கள் பிழைப்பு ஆட்டம் கண்டது. இங்கேயோ அதே வேலை அப்போதுதான் பிழைப்பாக ஆரம்பிக்கிறது!

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும். நூலுக்கு ஆகும் செலவு சொற்பம். மெஷின் கிடையாது. லேஸின் விலை என்பது முக்கால்வாசி விரல்களின் விலைதான். ஐரோப்பியப் பெண்மணிகள் காலருக்கும் கைக்குட்டைக்கும் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. பின்னிய பெண்களுக்கும் கூலி வந்தது. அதைச் சேர்த்து, எஜமானனுக்கு விலை கட்டித் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூர் அடிமை முறையை முழுசாக ஒழித்தது 1855-ல்தான். சட்டம் வரும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை!

மார்த்தாவின் மகள் எலைசா. 1822-ல் நாகர்கோவிலில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டவர், திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய சாட்சாத் கால்டுவெல்! புகுந்த ஊரான திருநெல்வேலிச் சீமை இடையன்குடிக்குப் பள்ளியோடு லேஸையும் கொண்டுபோனார் எலைசா.

இந்தக் கதையில் நெஞ்சைக் குத்துகிற ஒரு விஷயம் உண்டு. சீமைப் பெண்களின் கழுத்தை அலங்கரிக்க லேஸ் போனது. அதே திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைத்துத் துணி போடுவதே குற்றம்! மிஷன் பெண்மணிகள் தங்கள் மாணவிகளுக்கென்று ஒரு தொளதொள ரவிக்கை தைக்கச் சொல்லித்தந்தார்கள். அதைப் போட்டவர்களைத் தெருவில் அடித்தார்கள், கிழித்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் இழுத்த சண்டை. கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்க, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்தரவு போட்டார். மார்பை மறைத்துக்கொள்ளலாம்... ஆனால், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது! அனுமதியிலும் ஒரு முடிச்சு.

லேஸ் வாங்கிய சீமாட்டிகள், பாவப்பட்ட பிள்ளைகளுக்குத் தர்மம் செய்வதாக நினைத்திருக்கலாம். தர்மமா அது? கண் வலிக்க, விரல் தேயப் பின்னியதற்கான கூலி!

நம் ஊர்க் கண்காட்சிகளிலும் மகளிர் குழு ஸ்டால்களில் கையால் பின்னிய குல்லாவும் பையும் பார்க்கிறோம். "இத்தனூண்டுக்கு இவ்வளவா?" என்று வாய் திறக்கும் முன் ஒரு நிமிஷம்... நாம் பேரம் பேசுவது நூலுக்கு அல்ல, விரல்களுக்கு!