குடுவைக்குள் அடைத்த காற்று

பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதியது நினைவிருக்கும். நாலு மூச்சுக்குள் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம். வானத்துக் காற்றில் அந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று இன்று ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவில் அளக்கிறார்களே, அந்தக் கருவிக்குக் கொள்ளுப்பாட்டி இந்தச் சுண்ணாம்புக் குவளைதான்.

கதை ஒரு மருத்துவச் சண்டையில் தொடங்குகிறது. 1750-களில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், சிறுநீர்ப்பைக் கல்லுக்குச் சுண்ணாம்பு நீரை மருந்தாகக் கொடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு உசத்தியா, கல் சுண்ணாம்பு உசத்தியா என்று இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள விரும்பாத ஜோசப் பிளாக் என்ற மாணவர், சுண்ணாம்பை விட்டுவிட்டு மக்னீசிய உப்பைக் கையில் எடுத்தார். அதைச் சுட்டபோது எடை குறைந்தது. குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறியிருந்தது. பொருளுக்குள் கட்டுண்டு கிடந்த காற்று என்று அதற்குப் பெயர் வைத்தார். மூச்சிலும், எரியும் கரியிலும், புளிக்கும் மதுவிலும் அதே வாயு வருவதைச் சுண்ணாம்பு நீரை வைத்தே காட்டினார். நம் வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்து கல்லாக இறுகுவதும் காற்றிலிருந்து இதே வாயுவை உறிஞ்சித்தான்.

இருக்கிறதா என்று கண்டுபிடித்தாயிற்று. எவ்வளவு இருக்கிறது? இதற்கு வழி சொன்னவர் மியூனிக் நகரின் மாக்ஸ் பெட்டன்கோஃபர். ஆட்கள் நெருக்கி உட்காரும் அறைகளில் காற்று எவ்வளவு கெடுகிறது என்பதே அவர் கவலை. சுண்ணாம்பு நீருக்குப் பதில் பேரியம் கலந்த நீரைக் காற்றோடு சேர்த்துக் குலுக்கி, நீரில் மிச்சமிருக்கும் காரத்தை அளந்தார். அறைக் காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு ஆயிரம் பங்கைத் தாண்டக்கூடாது என்று 1858-இல் அவர் வகுத்த வரம்பு, கட்டடக் காற்றோட்டம் பற்றிப் பேசுகிறவர்களிடம் இன்றும் புழங்குகிறது.

ஐரோப்பாவில் அளப்பவர்கள் பெருகினார்கள். பாரிஸின் மோன்சூரி பூங்காவில் 1876 முதல் 1910 வரை அளந்தார்கள். ஆனால் ஊருக்கு ஊர், கைக்குக் கை எண்கள் மாறின. நகரத்துப் புகை ஒருபுறம், ரசாயன முறையின் பிசகு மறுபுறம். 1938-இல் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் பழைய எண்களைச் சலித்தெடுத்து, இந்த வாயு கூடிவருகிறது என்றார். நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதே 1938-இல் ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்தில் லுஃப்ட், லேரர் என்ற இருவர் ஒரு பெட்டியை உருவாக்கினார்கள். கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் என்று ஜான் டிண்டல் லண்டனில் 1859-இலேயே காட்டியிருந்தார். அதை வைத்து, குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கதிர் விழுங்கப்பட்டது என்று தானே பதிவு செய்யும் பெட்டி இது. தொழிற்சாலை வாயுக்களைக் கண்காணிக்கப் பிறந்தது. வானத்தைப் பற்றிய நினைப்பே அதன் பிறப்பில் இல்லை.

இனி சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1955-இல் கலிபோர்னியாவின் பிக் சர் காட்டில் கூடாரமடித்துத் தங்கி, ராத்திரி பகல் பாராமல் சில மணிக்கொரு தடவை எழுந்து கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடித்தார். குடுவைக்குள் காற்றே இருக்காது. முன்பே உறிஞ்சி எடுத்திருப்பார்கள். காற்று வரும் திசைக்கு எதிரே நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு திருகைத் திறக்க வேண்டும். நாம் விடும் மூச்சில் பத்து லட்சத்துக்கு நாற்பதாயிரம் பங்கு கரியமில வாயு. வெளிக்காற்றில் அன்று முந்நூற்றுச் சொச்சம். ஒரு மூச்சு கலந்தாலும் அந்தக் குடுவை வீண். இவ்வளவு கவனத்துக்குப் பலன் கிடைத்தது. எங்கே பிடித்தாலும் பிற்பகல் காற்றில் ஏறக்குறைய 310 பங்கு. ஒரு நூற்றாண்டாக நழுவிய எண் முதல்முறையாகக் கைக்குள் நின்றது.

1958 மார்ச்சில், தொழிற்சாலைப் பெட்டியின் வம்சத்தில் வந்த ஒரு அகச்சிவப்புக் கருவி ஹவாயின் மௌனா லோவா எரிமலையில், 3,397 மீட்டர் உயரத்தில் ஓடத் தொடங்கியது. முதலில் 313. மே வரை ஏறியது. பிறகு இறங்கியது. நடுநடுவே மின்சாரம் வேறு நின்றது. எண் கட்டுக்கடங்காமல் அலைகிறதோ என்று கீலிங் கலங்கினார். அடுத்த ஆண்டும் அதே ஏற்றம், அதே இறக்கம். வடக்குப் பாதியின் செடிகொடிகள் கோடையில் வாயுவை உள்ளிழுப்பதும் குளிர்காலத்தில் திருப்பிவிடுவதும்தான் அது. உலகத்துக் காடுகள் மூச்சுவிடுவதை ஒரு மலைமேல் உட்கார்ந்து மனிதன் பார்த்தது அப்போதுதான். எனக்கு இந்தக் கதையிலேயே மனம் நிற்கும் இடம் இது.

குடுவை நம் பக்கமும் வந்தது. கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் பிடித்த காற்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. லடாக்கின் ஹன்லே, அந்தமானின் போர்ட் பிளேர், நம் புதுச்சேரி ஆகிய இடங்களில் பிடித்த காற்று பிரான்சுக்குப் போனது. வங்கக் கடற்கரைக் காற்று விமானமேறியது அளப்பதற்காக.

வாயுவை அளக்கும் கலையின் இன்னொரு கிளைக்குச் சூரியனே விளக்கு. 1948-இல் பெல்ஜியத்தின் மிஜோட், அமெரிக்காவில் இருந்தபடி சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, வளிமண்டலத்தில் மீத்தேன் இருப்பதைக் கண்டார். 2004-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ஒரு நிலையத் தொடர் இன்று பல நாடுகளில் இதே வழியைப் பின்பற்றுகிறது. தரையிலிருந்து சூரியனை நோக்கி, இடையிலுள்ள காற்றுத் தூண் முழுவதிலும் உள்ள கரியமில வாயுவை அளக்கிறது. உள்ளே ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் கண்ணாடி அமைப்பு, ஒளியைச் சுமப்பதாக நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தை 1887-இல் தேடிக் காணாமல் தோற்ற மைக்கல்சன் கருவியின் வாரிசு. செயற்கைக்கோள்கள் சொல்லும் கரியமில வாயுக் கணக்கு சரியா என்று பார்க்க இந்தத் தரைக் கருவிகளையே உரைகல்லாக வைத்திருக்கிறார்கள்.

1964-இல் நிதி வெட்டால் மௌனா லோவாவில் சில மாதங்கள் அளவீடு நின்றது. வரைபடத்தில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் எரிமலை வெடித்து, மின்கம்பியையும் சாலையையும் குழம்பு அறுத்தது. பக்கத்து மௌனா கியா மலைக்குக் கருவியைக் கொண்டுபோய் அளந்தார்கள். 2025-இல் மௌனா லோவா நிலையத்துக்கான நிதியை நிறுத்தும் யோசனையை அமெரிக்க அரசே முன்வைத்தது. தவறிய நாளின் காற்றைப் பிறகு போய் யாராலும் பிடித்துவர முடியாது. எரிமலையே நிறுத்த முடியாத இந்தக் கணக்கை ஒரு நிதி அறிக்கை நிறுத்த விடக்கூடாது. 2025 மே மாத சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது.