ஒற்றைப் பிரதியும் இரட்டைத் தட்டும்: மலையக ஆவணக் காப்பு பற்றிய ஒரு குறிப்பு

1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிடம் கேட்டது எழுத்துச் சான்றையே. 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. தொழிலாளியின் வேலைநாளைச் சொல்லும் செக்ரோலோ தோட்டக் கந்தோரில் இருந்தது. அவனிடம் பிரதி இல்லை. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும் ஏறத்தாழ 134,000 பேரே பிரஜைகளாயினர். ஆவணக் குறையே முழுக் காரணம் என்பார் சட்டத்தின் உள்நோக்கத்தை மறைப்பவராவர். எனினும் அக்குறை அந்நோக்கத்துக்கு வாய்ப்பான கருவியாயிற்று.

தொழிலாளர் தரப்பிலும் எழுத்து இருந்தது. 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் பத்திரிகைகளும் பிரசுரங்களும் அத்தகையன. இவ்வகை ஏடுகள் கணினியில் ஏறும் இக்காலத்தில், அவற்றை எவ்வாறு சேமிப்பது என்பது வரலாற்று மாணவரின் வினாவுமாகும்.

விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகளை அணியாகச் சேர்க்கலாம் என 1988 இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் பாற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினர். தரவைத் துண்டுகளாக்கிப் பல தட்டுகளில் பகிர்ந்தெழுதினால் வேகம் கூடும். ஆனால் ஒரு தட்டு பழுதாயினும் முழுமையும் சிதையும். ஒன்றை மற்றொன்றில் அப்படியே இரட்டித்தெழுதினால் பாதுகாப்புக் கூடும். இரண்டையும் இணைப்பதே ‘ரெயிட் 10’ எனப்படும் முறை.

இங்கே வரிசை முக்கியமானது. நான்கு தட்டுகளை இரு சோடிகளாக்கி, முதலில் சோடிக்குள் இரட்டித்து, பின்னர் சோடிகளுக்கிடையே பகிர்வோமாயின், ஒன்று பழுதானபின் எஞ்சிய மூன்றில் அதன் சோடி ஒன்றே ஆபத்தானது. முதலில் பகிர்ந்து பின்னர் இரட்டித்தால், ஒரு தட்டின் பழுது அதன் கூட்டுத் தட்டையும் பயனற்றதாக்கும்; எஞ்சிய மூன்றில் இரண்டு ஆபத்தானவையாகும். அதே நான்கு தட்டுகள், அதே செலவு! கொள்ளளவில் பாதி வீணென நிர்வாகிகள் முறையிடுவர். ஒற்றைப் பிரதிக்கு மலையகம் கொடுத்த விலையோடு இதனை ஒப்பிடுக.

ஆயினும் இம்முறை தட்டின் பழுதையே தாங்கும். தவறி அழித்த கோப்பு மறு தட்டிலும் அக்கணமே அழியும். தீயோ மண்சரிவோ வந்தால் பெட்டியோடு யாவும் போம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் மாற்றுப் பிரதியற்ற ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை. ஆதலின் ஹட்டனில் ஒன்று, மாவட்டத்துக்கு வெளியே ஒன்று எனத் திகதியிட்ட தனிப் பிரதிகளும் வேண்டும். ஹட்டன் பிரதியின் திறப்பு தோட்ட நிர்வாகத்திடம் இருத்தலாகாது.