மூடிக்கிடந்த சிலை, எரிந்த பேருந்துகள்: பெங்களூருவில் சினமூட்டலின் வரலாறு

பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் திருவள்ளுவர் சிலை ஒன்று நிறுவப்பட்டது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் அது திறக்கப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த புலவர், ஒரு மாநகரின் வெகுளிக்குப் பொருளாகித் துணிக்குள் மறைந்திருந்தார். இந்தப் பதினெட்டு ஆண்டுகளை மொழிப்பகை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஆனால் சினம் எவருக்குப் பயன்பட்டது, அதற்கான விலையை எவர் கொடுத்தனர் என்று கேட்டால் வேறொரு வரலாறு புலப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக ‘ரேஜ் பெய்ட்’ என்பதைத் தேர்ந்தது. காண்போரைச் சினமூட்டி அவர்தம் கவனத்தைப் பறிப்பதற்கென்றே ஆக்கப்படும் இணையப் பதிவை அது குறிக்கிறது. தமிழில் ‘சினத்தூண்டில்’ எனலாம். சொல் புதிது, தொழில் பழையது. அத்தொழில் வளர்ந்த படிகளைக் காண்பதற்குப் பெங்களூரு ஏற்ற களம்.

தூண்டிலில் மீன் சிக்க நீர் வேண்டும். பெங்களூருவில் அந்த நீர் நெடுங்காலமாகவே இருந்தது. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைநகர்ப் பகுதியில் தமிழர் பெருமளவில் குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் மீண்ட பின்னரும் அப்பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது, தம் தலைநகரிலேயே தம் மொழி பின்தங்கி நிற்பதாகக் கன்னடர் உணர்ந்தனர். அந்த மனக்குறை பொய்யன்று. 1963இல் வெளிவந்த ‘காஞ்சித் தலைவன்’, சாளுக்கியப் புலிகேசியைப் பல்லவன் வென்ற கதையைக் கூறியது. அப்படத்திற்குப் பெங்களூருவில் எழுந்த எதிர்ப்பு, திரையரங்க வாயிலை மொழி அரசியலின் மேடையாக்கிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று. அதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இக்காலத்தில் உருவானவர் வாட்டாள் நாகராஜ். கன்னடச் சலுவளி இயக்கத்தின் தலைவர். பின்னாளில் சாமராஜநகரிலிருந்து பலமுறை சட்டமன்றம் சென்றவர். கழுதை, எருமை ஆகியவற்றோடு அவர் நடத்திய போராட்டங்கள் செய்தியாளர்களைத் தவறாமல் ஈர்த்தன. நூறு பேர் கூடிய ஆர்ப்பாட்டத்தை மாநிலமே பார்க்கச் செய்யும் கலையை அவர் அறிந்திருந்தார். எனினும் அவர் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் தெருவில் நின்றார். காவல்துறை அவரைக் கைது செய்ய முடிந்தது. வாக்காளர் அவரைத் தோற்கடிக்க முடிந்தது. கவனத்திற்காகச் சினத்தைக் கிளர்த்தியவர் அதற்கான விலையில் ஒரு பங்கையேனும் தாமே செலுத்த வேண்டியிருந்தது.

மனக்குறை வன்முறையாக மாறுவதற்குக் கைப்பேசி வேண்டியதில்லை என்பதை 1991 காட்டியது. தமிழகத்திற்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் ஜூன் மாதம் இடைக்கால ஆணையிட்டது. டிசம்பர் 11 அன்று அது மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த நாள்களில் பெங்களூருவில் தமிழர் வாழ்ந்த பகுதிகள் தாக்கப்பட்டன. உயிர்கள் பறிபோயின. பல்லாயிரவர் தமிழகத்திற்கு ஓடினர். அவர்களுள் மிகப் பலர் உழைத்துப் பிழைத்த எளியோர். காவிரி நீரைப் பங்கிடும் அதிகாரம் எதுவும் அவர்களிடம் இல்லை. முழக்கமிட்டவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர் என்ற கணக்கு அப்போதே தெளிவாகிவிட்டது.

2016 செப்டம்பரில் அந்தக் கணக்கின் வேகம் மாறியது. விநாடிக்கு 15,000 கன அடி நீரைப் பத்து நாள்களுக்குத் திறந்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் 5ஆம் தேதி ஆணையிட்டது. கன்னடத் திரை நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டதாக ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூருவில் ஒரு கும்பல் அடித்தது. அந்தக் காட்சி காணொளியாகப் பரவியது. 12ஆம் தேதி காலை சென்னையில் கர்நாடகத்தார் நடத்தும் உணவு விடுதி ஒன்று தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியின் ஓட்டுநர் அறையப்பட்டார்; அதுவும் காணொளியானது. இருபுறமும் தாக்கியவர்களின் தரப்பே கருவியை ஏந்தி நின்றது என்பதே இங்கு முதன்மையானது. பழைய வன்முறையாளர் சாட்சியை அஞ்சினர். இவர்களோ சாட்சியைத் தாமே உருவாக்கிப் பரப்பினர். அடி ஒருவர்மேல் விழுந்தது. காட்சி இலட்சக்கணக்கானோரை நோக்கி நிகழ்த்தப்பட்டது.

அன்று பிற்பகல் பெங்களூருவின் நாயண்டஹள்ளி அருகே தமிழகத் தனியார் நிறுவனத்தின் 40க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் உச்ச நீதிமன்றம் நீரின் அளவை 12,000 கன அடியாகக் குறைத்திருந்தது என்பது அந்தப் புகையில் எவர் கண்ணுக்கும் படவில்லை. எரிப்பு வழக்கில் கைதானவர்களுள் அன்றாடக் கூலிகளும் இருந்தனர். காணொளிகளைப் பெருக்கியோர் வீட்டிலிருந்தனர். நீதிமன்றப் படி ஏறியோர் கூலிகள்.

அடுத்த ஆண்டு வேறொரு நுட்பம் வெளிப்பட்டது. 2008இல் ஒகேனக்கல் சிக்கலின்போது நடிகர் சத்யராஜ் பேசிய பேச்சின் காணொளி, ‘பாகுபலி 2’ வெளியாகவிருந்த 2017 ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. வாட்டாள் நாகராஜ் முழு அடைப்பிற்கு அழைத்தார். சத்யராஜ் வருத்தம் தெரிவித்த பின் போராட்டம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 28இல் படம் வெளியானது. பேச்சுக்கும் போராட்டத்திற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இடைவெளியில் அவர் நடித்த பிற படங்கள் கர்நாடகத்தில் ஓடவே செய்தன. சினம் காயத்தின் நாள்காட்டியைப் பின்பற்றவில்லை. சந்தையின் நாள்காட்டியைப் பின்பற்றியது.

அச்சந்தையின் இயக்கம் 2021இல் ஓரளவு வெளிச்சத்திற்கு வந்தது. முகநூலின் உள் ஆவணங்களின்படி, 2017இலிருந்து சினக்குறிக்கு ‘விருப்ப’க்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பெண் வழங்கப்பட்டது, பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020இல் சுழியாக்கப்பட்டது. 2023இல் எக்ஸ் தளம், பதிவுகளுக்கு வரும் மறுமொழிகளுக்கிடையே காட்டப்படும் விளம்பர வருவாயில் பதிவருக்குப் பங்களிக்கத் தொடங்கியது. வாழ்த்துவோர் ஒரு வரியோடு விலகுவர். வைவோர் திரும்பத் திரும்ப வருவர். எனவே வசவும் வருவாயாயிற்று. 2024இல், வட இந்தியர் வெளியேறினால் பெங்களூரு வெறுமையாகிவிடும் என்று கூறிய ஒரு குறுங்காணொளியைக் கண்டித்தவர்களே அதை நாடெங்கும் கொண்டு சேர்த்தனர். கண்டனம் பரப்புரைக்குக் கூலியில்லா வேலையாள் ஆனது.

சட்டம் இன்னும் பேசியவரையே தேடுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நிற்கும் நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவும் பகை வளர்க்கும் சொல்லைத் தண்டிக்கின்றன. அச்சொல்லைப் பெருக்கி ஊதியம் பெறும் இயந்திரம் இப்பிரிவுகளின் மையத்தில் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஆதாயம் பெறுவோர் தெருவிலிருந்து விலகிச் சென்றிருக்கின்றனர். இழப்போர் மட்டும் தெருவிலேயே இருக்கின்றனர்.

ஆயினும் அல்சூர்ச் சிலையின் கதை துணியோடு முடியவில்லை. இரு மாநில அரசுகளும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. 2009 ஆகஸ்ட் 9 அன்று, முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில், பலத்த காவலுக்கிடையே கருணாநிதி சிலையைத் திறந்தார். நான்கு நாள்களில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சினத்தை எதிர்ச்சினத்தால் வெல்ல எவரும் முயலவில்லை; அண்டை மொழிக்கு உரிய மதிப்பை இருவரும் ஒரே வாரத்தில் அளித்தனர். பதினெட்டு ஆண்டுகள் தலைப்புச் செய்தியாக இருந்த சிலை சில வாரங்களில் செய்தியிலிருந்து மறைந்தது. மனக்குறைக்கு விடை கிடைத்தபோது தூண்டிலுக்கு நீர் வற்றியது. காவிரியில் அத்தகைய விடை எட்டப்படவில்லை. ஏழே ஆண்டுகளில் அதே நகரில் பேருந்துகள் எரிந்தன.