கூப்பிட்டா குழந்தை திரும்பலையா? மூளை நரம்புகள் ஜோடி சேருவது எப்படி?

ஒரு வயசு தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டா குழந்தை திரும்பிப் பார்க்கலையா? "வளர்ப்பு சரியில்லை"ன்னு அம்மாவைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, மூளைக்குள் நடப்பதைத் தெரிஞ்சுக்கோங்க.

நரம்பு செல்கள் எப்படி இணைகின்றன?

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் இடம்தான் சினாப்ஸ். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதங்களே அதற்கு வழிகாட்டி. அனுப்பும் செல்லில் நியூரெக்சின், வாங்கும் செல்லில் நியூரோலிஜின். இரண்டும் சட்டை பட்டன் போலப் பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சினாப்ஸ் முழுமையடையும்.

பட்டன் சரியாகப் பூட்டாவிட்டால்?

ஆட்டிசம் பாதிப்புள்ள சில சகோதரர்களிடம் நியூரோலிஜின் மரபணு மாற்றம் இருப்பது 2003-ல் கண்டறியப்பட்டது. ஆனால், இது மிகச் சிலருக்கே காரணம். ஆட்டிசத்தில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. வளர்ப்பு காரணமே இல்லை.

என்ன செய்யலாம்?

பென்னாகரமோ, அரூரோ, உங்கள் அங்கன்வாடியில் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு வரட்டும்னு காத்திருக்காமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சின்ன வயசில் சினாப்ஸ்கள் வேகமாக உருவாகும். அதனால், பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.