பத்து வெள்ளி காருக்கு ஏன் இந்த ஓட்டம்? டை-காஸ்ட் சேகரிப்பாளர்களின் மனக்கணக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பேரங்காடி திறந்த முதல் பத்து நிமிடத்தில் பொம்மைப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் இல்லை. கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய முப்பது வயதுக்காரர் ஒருவர், கொக்கியில் தொங்கும் ஹாட் வீல்ஸ் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார். கேட்டால் "பையனுக்கு" என்பார். நம்பிவிடுங்கள், பாவம்.

சாதாரண ரகம் பத்து வெள்ளி அளவில் கிடைக்கும் இந்தக் குட்டி கார்களுக்காக ஒருவர் ஏன் தூக்கத்தை விட்டு ஓடுகிறார்?

முதலில் பொருளைப் பார்ப்போம். உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதுதான் டை-காஸ்ட். அதனால்தான் கையில் எடுத்தால் பிளாஸ்டிக் பொம்மையில் இல்லாத ஒரு கனம் தெரியும். "கையில வெச்சா ஃபீல் வேற" என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். 1:64 என்றால் அசலில் 64-இல் ஒரு பங்கு. நான்கு மீட்டர் கார் ஆறேகால் சென்டிமீட்டராக உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்தச் சின்ன அளவுக்குப் பின்னால் ஒரு பள்ளி விதி இருக்கிறது. லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் பொறியாளர் ஜேக் ஓடெலுடைய மகளின் பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம். அப்பா அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது அப்படித்தான். 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸைத் தொடங்கியது. 1970-இல் ஜப்பானிலிருந்து டோமிகா வந்தது. மேட்ச்பாக்ஸும் பிறகு, 1997-இல், மேட்டலின் கைக்கே போய்விட்டது.

நமக்கு இதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. உங்களிடம் ஒரு ஹாட் வீல்ஸ் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்க வாய்ப்பு அதிகம். பினாங்கு, பிறையில் உள்ள மேட்டல் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகளாக இவை வார்க்கப்படுகின்றன. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது நம்ம ஊர் ஷிஃப்ட் தொழிலாளி பேக் பண்ணியதாக இருக்கலாம்.

*நினைவுக்குக் கொடுக்கும் விலை*

சேகரிப்பவர்களிடம் பேசினால் முதலில் வருவது கார் இல்லை, அப்பாதான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவருக்கு ரயில் ஒரு பொம்மை மட்டும் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவரின் மகனுக்கு லாரியும் அப்படித்தான். என் மாமா ஒரு டாட்சன் 120ஒய் வைத்திருந்தார். அது விற்கப்பட்ட நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று அசல் காரை வாங்கி நிறுத்த இடமும் இல்லை, காசும் இல்லை. குட்டி டாட்சன் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

நமக்குச் சொந்தமான பொருள்கள் 'நான்' என்பதன் நீட்சி ஆகிவிடுகின்றன என்று நுகர்வோர் ஆய்வாளர் ரஸ்ஸல் பெல்க் 1988-இல் எழுதினார். 1975 முதல் 1998 வரை கோலாலம்பூரில் ஓடிய இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவரிடம் அந்த பஸ்ஸின் குட்டி மாடலைக் காட்டிப் பாருங்கள். பெல்க் சொன்னது முகத்திலேயே தெரியும்.

*கிடைக்குமா கிடைக்காதா*

இன்னொரு காரணம் வேட்டை. 1995 முதல் ஹாட் வீல்ஸ் 'டிரஷர் ஹண்ட்' என்ற அரிய ரகத்தைச் சாதாரண கார்களுக்கு நடுவே ஒளித்து அனுப்புகிறது. 'சூப்பர்' ரகத்துக்கு ரப்பர் டயரும் பளபளக்கும் தனி வண்ணமும் இருக்கும். ஒரு பெட்டியில் வழக்கமாக 72 கார்கள். சூப்பர் எல்லாப் பெட்டியிலும் இருக்காது. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் முயற்சி நிற்காமல் தொடர்கிறது என்பதை பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரத்தின் சூத்திரமும் அதுதான். அதனால் பத்து வெள்ளி கார்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெட்ரோல் செலவும் சேர்ந்து வேறு கதை சொல்லும்.

செட்டை முழுமையாக்கும் ஆசை, நண்பர் கூட்டம், வார இறுதி 'தே தாரிக்' அரட்டை என்று மற்ற காரணங்களும் உண்டு. அவை எந்தச் சேகரிப்புக்கும் பொதுவானவை.

*முதலீடா?*

"இது இன்வெஸ்ட்மென்ட் பாஸ்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 1969-இல் செய்த இளஞ்சிவப்பு வோல்க்ஸ்வேகன் 'பீச் பாம்' மாதிரிக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் மதிப்பு சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது கடைக்கே வராத சோதனை வடிவம். சர்ஃப் பலகைகள் பின்பக்கம் செருகியிருந்ததால் வண்டி ஒடுங்கலாகி டிராக்கில் நிற்கவில்லை. வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கில் வார்க்கப்படும் இன்றைய கார் அந்த நிலைக்கு வரும் என்று கடன் எடுத்து, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டத்தில் பெட்டி பெட்டியாகச் சேர்ப்பது வேறு விஷயம். பழைய பொருளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால் ஆண்டுகள் போகப்போக உலோகமே வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல பொம்மைகள் அப்படித்தான் போயின.

வாங்கும்போது அதிகம் ஏமாறும் இடம் காரின் அடிப்பாகம். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு, அந்த வடிவமைப்பின் காப்புரிமை ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் கார் தயாரான ஆண்டு அது இல்லை. அதைக் காட்டி 'அந்தக் காலத்துப் பொருள்' என்று விலை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அண்மைக் கால ஹாட் வீல்ஸில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த சிறு குறியீடு இருக்கும். எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் சொல்லும். அட்டையில் இருந்து பிரித்த சாதாரண காருக்கு ரப்பர் டயர் மாற்றி 'சூப்பர்' என்று விற்பதும் நடக்கிறது.

முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பழைய பொம்மைகளைக் கையில் எடுத்து, கவிழ்த்து, பேரம் பேசலாம். இணையத்தில் முன்பணம் அனுப்பிய பிறகு விற்றவர் காணாமல் போனால், தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997-இல் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் தடுக்க வழி இருக்கும்.