அஸ்பாரகஸ்: வீட்டுத் தோட்டத்தில் பருவப் பராமரிப்பு

அஸ்பாரகஸ் குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் பல்லாண்டுக் காய்கறி. தாவரவியல் பெயர் அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ். நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே பேரினம்தான். அதில் கிழங்கு மருந்தாகிறது, இதில் இளங்குருத்து உணவாகிறது. நன்கு அமைந்த பாத்தி 15 முதல் 20 ஆண்டுகள் வரை பலன் தரும். இங்கே கூறப்படும் மாதக் கணக்கு பெரும்பாலும் இங்கிலாந்துக்குப் பொருந்துவது.

நடவு மார்ச், ஏப்ரலில். நீர் தேங்காத, வெயில் படும் இடத்தில் சுமார் 20 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, நடுவில் மண்ணை வரப்புபோல் உயர்த்தி, ஓராண்டு வயதுள்ள வேர்த்தூர்களை அதன்மேல் அமர்த்துவார்கள். வேர்கள் இருபுறமும் சரிந்து விரிய வேண்டும். தூருக்குத் தூர் 30 முதல் 45 செ.மீ. இடைவெளி.

முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு குருத்தைக்கூட அறுக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டில் ஆறு வாரம், அதன்பின் ஆண்டுதோறும் எட்டு வாரம் அறுக்கலாம். குருத்து ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதற்குள், மண்ணுக்குச் சற்றுக் கீழே கத்தியை விட்டு வெட்டுவது முறை. வசந்தத்தின் பின்பனி குருத்துகளைக் கருக்கிவிடும் என்பதால் உறைபனி இரவுகளில் துணியால் மூடுவதுண்டு. இங்கிலாந்தில் ஜூன் 21-உடன் அறுவடையை நிறுத்துவது மரபு. ஜெர்மனியில் ஜூன் 24 வரை. அங்கே மண் அணைத்து, வெயில் படாமல் வெளுக்க வைத்த வெள்ளைக் குருத்துக்கே மவுசு.

கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் உண்மையான பராமரிப்பு தொடங்குகிறது. எஞ்சிய குருத்துகள் ஓங்கி, பஞ்சுபோன்ற பசுந்தழையாக விரிகின்றன. அந்தத் தழை கோடை முழுவதும் தயாரிக்கும் சர்க்கரைச்சத்து சதைப்பற்றான வேர்களில் சேர்கிறது. அடுத்த வசந்தத்தின் குருத்துகள் அதை உண்டே எழும்புகின்றன. ஆசையில் ஜூலை வரை அறுப்பவர் அடுத்த ஆண்டு விளைச்சலைத்தான் இப்போதே சாப்பிடுகிறார். காற்றில் தழை சாய்ந்தால் தூர் ஆட்டங்காணும். குச்சி நட்டுக் கயிறு கட்டுவது நல்லது. சிவப்பும் கறுப்புமான அஸ்பாரகஸ் வண்டும் அதன் புழுவும் தழையை மொட்டையடிக்கக்கூடியவை. சிறு பாத்தியில் மருந்து தேவையில்லை, கையால் பொறுக்கினாலே போதும். வேர்கள் மேலாகப் படர்வதால் களையையும் கையாலேயே பிடுங்க வேண்டும். களையை ஒழிக்க உப்புத் தூவும் பழைய வழக்கம் மண்ணைக் கெடுப்பதே. இன்று அதற்கு நியாயமில்லை.

ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். பெண்செடி செந்நிறப் பழங்களுக்குச் சத்தைச் செலவிடுகிறது. விதை விழுந்து நாற்றுகளும் களையாக முளைக்கின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஜெர்சி நைட்' போன்ற ஆண் கலப்பினங்களை வீட்டுத் தோட்டக்காரர்கள் விரும்புவது இதனால்தான்.

இலையுதிர்காலத்தில் தழை முற்றிலும் மஞ்சளாகும்வரை காத்திருந்து, அடியோடு ஒட்ட அறுப்பார்கள். பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் வேருக்கு இறங்க வேண்டிய சத்து வீணாகும். காய்ந்த தண்டுகளில் வண்டும் துருநோய்ப் பூஞ்சையும் தங்கும் என்பதால் அவற்றைப் பாத்தியில் விட்டுவைப்பதில்லை. பின்னர் மட்கிய தொழுவுரத்தை மூடாக்காகப் பரப்பினால் குளிர்கால வேலை முடிந்தது.

குளிர்கால உறக்கமே இல்லாத தைவான் போன்ற வெப்பநாடுகளில் இந்தச் சுழற்சி மாறுகிறது: ஒவ்வொரு தூரிலும் சில தண்டுகளைத் தாய்த்தண்டாகத் தழைக்க விட்டு, பக்கத்தில் எழும் குருத்துகளை மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.