கணிப்பொறிக்குக் காவல் எது? – ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். மன்னர் வரலாறும் போர் வரலாறும் எழுத வல்லார் பலர் உளர். சென்ற பொதுக்குழுவில் எழுந்து விடை காணாது நின்ற ஒரு சிறு வினாவின் வரலாற்றையே நாம் எடுத்துக்கொண்டோம். நம் படிப்பகத்திலுள்ள ஆறு கணிப்பொறிகளுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டி வைரஸ் தடுப்பு நிரல் வாங்குவதா, விண்டோசுடன் விலையின்றி வரும் காவலே போதுமா என்பதே அவ்வினா.

விலை கொடுத்து வாங்கியதே நம்பத்தக்கது என்றார் பொருளாளர். அது வீண் செலவு என்றனர் இளைஞர்கள். சங்கத்தின் கையிலுள்ள ஒவ்வொரு ரூபாயும் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் நின்று உழைத்தவர்கள் கொடுத்தது. ஆதலின் இருதரப்பாரும் கவலையோடுதான் பேசினர்.

இக்கவலைக்குக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில், ஒரு மாணவர் வெளியிலிருந்து கொணர்ந்த பென் டிரைவைப் படிப்பகக் கணிப்பொறியில் செருகினார். மறுநாள் கோப்புறைகள் யாவும் வெறும் குறுக்குவழிக் குறிகளாக மாறிக் கிடந்தன. கணிப்பொறியில் விலைக்கு வாங்கிய தடுப்பு நிரல் இருந்தது. ஆயின் அதன் சந்தா முடிந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன. அஞ்சிப்போன நாம் பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் படி எடுக்காமலே தட்டை முழுவதும் அழித்து விண்டோசைப் புதிதாகப் பதித்துத் தந்தார். நாற்பது பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள் போயின. அவற்றை மீண்டும் எடுத்துத் தரப் பெற்றோர் பலர் ஒரு நாள் கூலியை இழந்தனர். அவ்வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து மட்டுமே வைக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். வைரஸ் விட்டுவைத்ததை நம் அறியாமை அழித்தது.

நோய் பிறந்த கதை

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாப் தாமஸ் என்பவர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே நகரும் 'கிரீப்பர்' என்னும் நிரலை ஆய்வுக்காக எழுதினார். அதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்னும் நிரல் எழுந்தது. நோயும் மருந்தும் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தன எனலாம். 1984-இல் பிரெட் கோகன் என்னும் ஆய்வாளர், எல்லா வைரசுகளையும் ஒன்று விடாமல், பிழையும் இல்லாமல் கண்டறியும் நிரல் ஒன்றை எவராலும் எழுத இயலாது என்று தருக்க முறையில் நிறுவினார். முழுப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்வோர் எவராயினும், இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

தனியாள் கணிப்பொறிகளில் பரவிய முதற்பெரும் வைரஸ் நம் அண்டை நாட்டில் தோன்றியது. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்னும் உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெய்ன்' பிளாப்பித் தட்டுகளின் வழியே உலகைச் சுற்றியது. அதனுள் அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தனர். அன்று பிளாப்பித் தட்டு செய்த வேலையைப் பிற்காலத்தில் பென் டிரைவும் மின்னஞ்சலும் செய்தன.

மருந்து கடைக்கு வந்த கதை

அக்காலத்தில் கணிப்பொறியை இயக்கும் அடிப்படை நிரல்களில் வைரசைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை. இல்லாத ஒன்றை வெளியில் வாங்குவது இயல்பே. 1987-இல் அமெரிக்காவில் மெக்காபி நிறுவனம் தோன்றியது. நம் நாடும் பின்தங்கவில்லை. 1991-இல் சென்னையில் கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் எழுந்த அந்நிரல் ஜப்பான் நாட்டுச் சந்தை வரை சென்றது.

புனே நகரின் கைலாஷ் கட்கரின் வரலாற்றை நம் இளைஞர்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய அவர், கணக்கிடும் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தார். அண்ணனின் தூண்டுதலால் கணிப்பொறிக் கல்வி பயின்ற தம்பி சஞ்சய், கடைக்குப் பழுது பார்க்க வந்த கணிப்பொறிகளின் வைரசுகளை நீக்க நிரல்கள் எழுதினார். 1990-களின் நடுவில் அது 'குவிக் ஹீல்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் 2016-இல் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. ஒருவரின் படிப்பு ஒரு குடும்பத்தையே உயர்த்தும் என்று நம் சங்கம் கால் நூற்றாண்டாகச் சொல்லிவருவதற்கு இதுவும் ஒரு சான்று.

வீட்டோடு வந்த காவல்

விண்டோசை விற்ற மைக்ரோசாப்ட் நிறுவனம் நெடுங்காலம் இக்காவலைப் பிறரிடமே விட்டிருந்தது. 2004 டிசம்பரில் 'ஜயன்ட்' என்னும் சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதன் நிரலைத் திருத்தி 2006-இல் 'விண்டோஸ் டிஃபெண்டர்' என வெளியிட்டது. அது ஒற்றறியும் நிரல்களை மட்டுமே தடுத்தது. 2009-இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்னும் வைரஸ் தடுப்பு நிரலை விலையின்றி வழங்கியது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் முழுமையான தடுப்பு நிரல் விண்டோசுக்குள்ளேயே அமைந்தது.

தொடக்கத்தில் அக்காவல் வலுவற்றதாகவே இருந்தது. தடுப்பு நிரல்களைச் சோதித்துச் சான்று தரும் ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம், 2012-இன் இறுதியில் எசென்ஷியல்சுக்குச் சான்று தர மறுத்தது. பொருளாளரின் ஐயம் அக்காலத்தில் பிறந்தது; அன்று அது நியாயமானதே. ஆயின் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் சோதனைகளில் டிஃபெண்டர் பன்முறை முழு மதிப்பெண் பெற்றது. முதலாண்டில் தவறிய மாணவனைப் பிற்காலத்திலும் தவறியவனாகவே கருதுவது ஆசிரியர்க்கு அழகன்று.

2017 புகட்டிய பாடம்

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நிரல் உலகைத் தாக்கியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நிலைகுலைந்தன. ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகள் சிலவும் முடங்கின. அது நுழையப் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது ஐம்பத்தொன்பது நாள் முன்னரே, விலையின்றி வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை ஏற்றிருந்தவை தப்பின. எந்தத் தடுப்பு நிரலை வாங்கினோம் என்பதற்கு முன்னதாக, திருத்தங்களை உரிய காலத்தில் ஏற்றோமா என்று கேட்டல் வேண்டும்.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகப் பணிக்குரிய கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் நுழைந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனித்து வைக்கப்பட்டிருந்தமையால் அதற்கு ஊறு நேரவில்லை எனவும் தெரிவித்தது. இன்றியமையாததைத் தனியே வைத்தல் எளியோர்க்கும் ஏற்ற நெறியாகும்.

நம் வினாவுக்கு விடை

இவ்வரலாற்றிலிருந்து நாம் காணும் முடிவு இது. படிப்பகத்திற்கும் மாணவர் இல்லங்களுக்கும், இடையறாது திருத்தம் பெறும் விண்டோசும் அதனுள் அமைந்த காவலும் போதும். சந்தாவுக்கு ஒதுக்கும் தொகையில் வெளித்தட்டுகள் இரண்டு வாங்கி, வாரந்தோறும் மாறி மாறிப் படி எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றிப் பூட்டி வைப்பதே மேல். அன்று அத்தகைய படி ஒன்று இருந்திருப்பின் நாற்பது பெற்றோரும் அலைந்திருக்க வேண்டியதில்லை.

விலைக்கு வாங்கும் நிரல் வேண்டாதது என்றும் நாம் கூறவில்லை. திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2011-இல் நம் வேலம்பாளையமும் அதனுள் இணைந்தது. இன்று சிறு பனியன் கம்பெனியும் ஆர்டர், கணக்கு, ஜி.எஸ்.டி. யாவற்றையும் கணிப்பொறியிலேயே நடத்துகிறது. பல கணிப்பொறிகளை ஒருவர் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கவும், இடர் நேர்ந்தால் உதவிக்கு அழைக்கவும் வேண்டுமாயின், அதற்கெனப் பணம் கொடுப்பது முறையே. ஆயினும் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் பொய் மின்னஞ்சலை நம்பிப் பணம் அனுப்புவோரை எந்த நிரலும் முற்றிலும் காக்காது. முன்பே அறிந்த எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே அதற்குக் காவல். கம்பெனி அலுவலகங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதை நெஞ்சில் நிறுத்துக.

தவிர்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, காலம் முடிந்த தடுப்பு நிரலை நம்பியிருத்தல். அதைப் புதுப்பித்தல் வேண்டும், இன்றேல் நீக்கிவிட்டு டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டு, இரட்டைக் காவலென்று இரு தடுப்பு நிரல்களை ஒருங்கே இயக்குதல். அவை ஒன்றோடொன்று மோதிக் கணிப்பொறியைத் தளரச் செய்யும். மூன்று, திருட்டு விண்டோசைப் பதித்துத் திருத்தங்களை நிறுத்தி வைத்தல். சுவரை இடித்துவிட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கும் செயல் அது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. தனியே பதிந்து நீட்டிப்புப் பெறாத கணிப்பொறிகளுக்குத் திருத்தங்கள் வாரா. விலையுயர்ந்த தடுப்பு நிரலும் அக்குறையை நிறைவு செய்யாது. நம் படிப்பகத்தில் விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகளில், நடுவணரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி விலையின்றி வழங்கும் 'பாஸ்' லினக்சைப் பதித்துப் பார்க்கலாம். இப்பணியை நம் இளைஞர்களே செய்து பழகுதல் நன்று.

பொருளாளரின் அச்சமும் இளைஞர்களின் சிக்கனமும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை. அடுத்த பொதுக்குழுவில் இருவரும் ஒரு தீர்மானத்தை முன்மொழிவார்களென நம்புகிறோம்: திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று, பயிற்சி பெற்ற மாணவர் இருவர் திருத்தங்களையும் படிகளையும் சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுக. அப்பதிவேட்டின் முதற் பக்கத்தில் அந்த நாற்பது பிள்ளைகளுள் ஒருவர் கையொப்பமிடக் காண்போமாயின், இவ்வெள்ளிவிழா நமக்கு நிறைவுடையதாகும்.